வீட்டிற்குள் வரும் காரீயம்



பிழைப்பை நாடி ஊரை விட்டுப் புறப்படுகிறவர்களின் மூட்டையில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாற்று உடைகள் இருக்கும், சான்றிதழ்கள் இருக்கும், வீட்டில் அரைத்த மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் இருக்கும், குலதெய்வத்தின் குங்குமம் ஒரு பொட்டலம் இருக்கும். குடும்பமாகப் புறப்பட்டால் பாத்திரங்களும் உடன் வரும். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பாத்திரத்தைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அந்தப் பாத்திரம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு.

நான் விஞ்ஞானி அல்லன். கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன். பெங்களூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். சொற்களை எடை போடுவதுதான் என் தொழில். ஆயினும் ஒரு சொல்லை எடை போடத் தவறியதால் வந்த தொல்லை என்னை இந்தப் பொருளைப் பற்றிப் படிக்க வைத்தது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, வீடுகளுக்குப் பூசும் பெயிண்ட் பற்றிய அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. பெயிண்டில் ஒரு குறிப்பிட்ட உலோகம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது அதன் சாரம். 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி அது. அந்த உலோகத்தின் பெயரைச் சற்றும் தயங்காமல் 'ஈயம்' என்று எழுதினேன். அடுத்த மேஜையில் இருந்த கன்னட நண்பருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவர் சிரித்துக்கொண்டே, "என்ன சார், இதை நஞ்சு என்று எழுதுகிறீர்கள்; ரசமும் இதிலேதான் வைக்கிறீர்கள் என்கிறீர்களே!" என்றார்.

நான் விழித்தேன். "எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. நஞ்சாக இருப்பது ஸீஸ, நல்ல பாத்திரமாக இருப்பது தவர" என்று அவரே விளக்கினார். தமிழிலும் இரண்டு பெயர்கள் இல்லாமல் இல்லை. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். சித்த மருத்துவ நூல்களில் வெள்வங்கம், கருவங்கம் என்ற பெயர்களும் உண்டு. பேச்சு வழக்கில் முன்னொட்டு உதிர்ந்துபோய், இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கன்னடத்தில் 'தவரு மனெ' என்றால் பெண்ணின் பிறந்தகம். "பிறந்தகத்திலிருந்து வந்த பாத்திரம் ஆகையால் அதுவும் தவரவாகத்தான் இருக்கும்" என்று நண்பர் சிலேடையாகச் சொல்ல, நானும் சிரித்தேன். தாளில் 'ஈயம்' என்பதை அடித்துவிட்டுக் 'காரீயம்' என்று திருத்தினேன். அத்துடன் என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளீயமும் காரீயமும் பார்வைக்கு உறவினர் போல இருந்தாலும் குணத்தில் முற்றும் வேறானவை. வெள்ளீயம் விலை மிகுந்தது, வெண்மையாக மின்னுவது, 232 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடுவது. அதனால்தான், நீரோ ரசமோ ஊற்றாமல் ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்றாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எச்சரித்தார்கள். காரீயம் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது, மலிவானது, எளிதில் வளைவது, துருப்பிடித்து அழியாதது. மனிதன் நெடுங்காலமாக அதைக் குழாயாகவும், நிறப்பொருளாகவும், துப்பாக்கிக் குண்டாகவும், மின்கலமாகவும் பயன்படுத்தி வந்திருக்கிறான். அதன் பயன்கள் பல. ஆனால் மனித உடலுக்கு அதனால் எள்ளளவு பயனும் இல்லை. இரும்பு வேண்டும், துத்தநாகம் வேண்டும், செம்பும் சிறிது வேண்டும் என்று கேட்கும் நம் உடல், காரீயத்தை மட்டும் கேட்பதே இல்லை.

மேலும் அது அழிவதும் இல்லை. இதுதான் இன்றைய பேச்சின் மையக் கருத்து.

உணவுக் கழிவு மண்ணில் மக்கிவிடும். மரமும் காகிதமும் மக்கிவிடும். சில இரசாயனங்கள் மக்குவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கிறது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து அப்படிப்பட்டது. தெளித்த வயலை விட்டு நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் மனிதனுக்கும் சென்று, உடலின் கொழுப்பில் தங்கித் தாய்ப்பால் வரை அது எட்டிவிடுகிறது. இத்தகைய நெடுநாள் நஞ்சுகளைக் கட்டுப்படுத்தவே 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2006-இல் இந்தியாவும் அதனை ஏற்றுக்கொண்டது. டி.டி.டி.யாவது காலப்போக்கில் சிறிது சிறிதாகச் சிதையும். காரீயமோ ஒரு தனிமம். சிதைவதற்கு அதில் வேறொன்றும் இல்லை. எரித்தால் புகையோடு போகும். புகை அடங்கினால் மண்ணில் படியும். மண் காய்ந்தால் தூசியாய் எழும். தூசி குழந்தையின் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். இடம் மாறுமே தவிர இல்லாமற் போகாது.

இனி என் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அல்சூர் ஏரிக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். குழந்தை சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அடிக்கடி வயிற்று வலி என்றாள், முகம் வெளுத்திருந்தது. இரத்தச் சோகை என்று மருந்து கொடுத்தார்கள். அது எதிர்பார்த்த அளவு குணம் தரவில்லை. அப்போது ஒரு குழந்தை மருத்துவர், காரீயத்துக்காக இரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்றார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில், அதாவது 100 மில்லிலிட்டரில், 14 மைக்ரோகிராம் இருந்தது.

இந்த எண்ணின் பொருளை நேயர்கள் புரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூன்று வயதுக் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அந்த முழு இரத்தத்திலும் இருந்த காரீயத்தைத் திரட்டினால், தூள் உப்பில் இரண்டு மூன்று பொடிப் பரல்களின் எடைதான் இருந்திருக்கும். அவ்வளவு சொற்பமான பொருள் ஒரு குழந்தையின் வளரும் மூளையோடு விளையாட வல்லது. அதனால் கவனம் சிதறுகிறது; கற்கும் ஆற்றல் குறைகிறது; இரத்தம் ஊறுவது தடைப்படுகிறது. ஆபத்தற்ற அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அமெரிக்காவில் கவலைக்குரிய எல்லை என்று சொல்லப்பட்ட எண் 1960-களில் 60 மைக்ரோகிராம், 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5. அறிவு வளர வளர எல்லைக்கோடு கீழே இறங்கி வந்திருக்கிறது.

மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. காரீயத்தை உடலிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்துகள் இதைவிட மிக உயர்ந்த அளவுகளுக்கே உரியவை என்றார். அதற்குப் பதில் ஒரு நீதிபதியைப் போலக் கேள்வி கேட்கத் தொடங்கினார். வீடு எத்தனை ஆண்டுப் பழமையானது? சன்னல் கம்பிகளில் பெயிண்ட் உரிகிறதா? அண்மையில் சுரண்டிப் புதிதாக அடித்தார்களா? இன்வெர்ட்டர் மின்கலம் எங்கே இருக்கிறது? வீட்டில் யாராவது பெயிண்ட் வேலையோ, மின்கல வேலையோ, பழைய இரும்பு வியாபாரமோ செய்கிறீர்களா? குழந்தையின் கண்ணுக்கு மை எங்கே வாங்குகிறீர்கள்? மஞ்சள் தூள் எங்கிருந்து வருகிறது? எந்தப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைக்கிறீர்கள்?

ஒவ்வொரு கேள்வியும் எங்கள் வீட்டின் ஒரு மூலையைச் சுட்டிக் காட்டியது. யுகாதிக்கு முன்பு வீட்டுக்காரர் பழைய சன்னல் கம்பிகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிக்கச் செய்திருந்தார். தேய்த்த தூள் பல நாட்கள் தரையில் கிடந்தது. அந்தச் சன்னலில் ஏறி நின்று, கம்பியில் வாயை வைத்துக்கொண்டு வீதியை வேடிக்கை பார்ப்பதுதான் என் மகளின் மாலை நேரப் பொழுதுபோக்கு. கடைசிக் கேள்விக்கு விடையாக ஈயச் சொம்பு வந்து நின்றது.

அது பாட்டியார் காலத்துச் சொம்பு அன்று. பழைய சொம்பை யாரோ வெறுமையாக அடுப்பில் ஏற்றி உருக்கிவிட்டார்கள். பெங்களூரில் பேத்திக்கு நல்ல ரசம் கிடைக்க வேண்டும் என்று, கும்பகோணம் பக்கத்து ஊரிலிருந்து வந்த என் தாயார், வழியில் ஒரு கடையில் புதிய சொம்பு ஒன்றை வாங்கி வந்தார். நல்ல கனம், விலையும் மலிவு. கனமும் மலிவும் சேர்ந்திருந்தபோதே எங்களுக்குச் சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்ததில் அதில் காரீயம் கலந்திருந்தது தெரிந்தது. புளியின் அமிலம் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். சுவை மாறாது, மணம் மாறாது, நிறமும் மாறாது.

செய்தியைச் சொன்னபோது என் தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்ப்பா, என் பேத்திக்கு நானா நஞ்சைக் கரைச்சு ஊத்தினேன்?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? அறிவிப்பைத் தமிழாக்கியவன் நான். தாளிலே ஈயத்தைக் காரீயம் என்று திருத்திய அன்றே வீட்டிலே போய்ச் சொம்பைப் பார்த்திருக்க வேண்டியவனும் நான். குற்றம் அவருடையது அன்று என்று சொன்னேன். அது முழு உண்மை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்றளவும் என் காதில் இருக்கிறது.

சொம்பை ஒதுக்கினோம். அடுத்த மாதமே வீட்டையும் மாற்றினோம். எட்டு மாதங்களுக்குப் பின் எடுத்த சோதனையில் அளவு 7 மைக்ரோகிராமாக இறங்கியிருந்தது. சொம்பினால் வந்தது எவ்வளவு, சன்னலால் வந்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரீயம் பெரும்பாலும் ஒரே வாயில் வழியாக வருவதில்லை. பல சிறு வாயில்களின் வழியே வந்து உள்ளே ஒன்று சேர்கிறது. ஆகவே ஒரு கதவை அடைத்துவிட்டு மற்றவற்றைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

எங்களுக்கு நேர்ந்தது அரிய நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெங்களூரிலேயே 1990-களின் பிற்பகுதியில் ஜார்ஜ் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. பெங்களூர், சென்னை உள்ளிட்ட நம் நாட்டுப் பெருநகரங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில், அன்றைய எல்லையான 10 மைக்ரோகிராமைவிட அதிகமாகக் காரீயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் இதைக் குறித்து ஒரு சர்வதேச மாநாடும் இந்நகரில் கூடியது. புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் இந்தப் பணியில் முன்னின்றார். காரீய நஞ்சுக்கான தேசிய ஆலோசனை மையம் ஒன்று அக்கல்லூரியில் உருவாயிற்று.

அந்நாளில் முதற் குற்றவாளியாக நின்றது பெட்ரோல். அதன் வரலாறு சுவையானது, வருந்தத் தக்கதும்கூட. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர், மோட்டார் எஞ்சினில் எழும் தட்டல் ஓசையை அடக்குவதற்குக் காரீயம் சேர்ந்த ஒரு சேர்மம் உதவுவதைக் கண்டுபிடித்தார். 1923 முதல் அது பெட்ரோலில் கலந்து விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் சிலர் புத்தி பேதலித்து மாண்டனர். ஆயினும் எண்ணெய் ஓட்டம் நிற்கவில்லை. உலகின் வீதிகளெல்லாம் பல பத்தாண்டுகள் காரீயப் புகையைச் சுவாசித்தன. நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் காரீயம் நீக்கப்பட்டது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதை நிறுத்தியது.

பலன் என்ன? அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் சராசரியாக 15 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 2007 முதல் 2010 வரையிலான கணக்கில் அது 1.3 ஆகக் குறைந்துவிட்டது. பெட்ரோலிலும் பெயிண்டிலும் உணவுத் தகரங்களிலும் காரீயத்தைத் தடுத்ததன் விளைவு அது. ஊற்றை அடைத்தால் ஓடை வற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நல்ல செய்திதான். ஆனால் காரீயம் அழியாது என்று முன்னர்ச் சொன்னதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அன்று வீதியில் படிந்தது இன்றும் சாலையோர மண்ணில் இருக்கிறது. உடலுக்குள் புகுந்தது இரத்தத்தில் மாதக் கணக்கில்தான் தங்கும். ஆனால் அதில் ஒரு பகுதி எலும்புக்குள் குடியேறி இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே வசிக்கும். எலும்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்துபோய் இடம் கொடுக்கிறது. பெண் கருவுறும்போது, குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று தாயின் எலும்பு தன் சேமிப்பைத் திறக்கிறது. அதனுடன் பழைய காரீயமும் வெளியே வந்து கருவைச் சென்றடைகிறது. புகை நிறைந்த வீதிகளில் பாண்டி ஆடிய 1990-களின் சிறுமிகளே இன்றைய தாய்மார்கள். நாம் சுவாசித்ததன் ஒரு துளியை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம். விரும்பி எழுதி வைக்காத சொத்து அது.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. பெங்களூரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. நகரின் மேற்குப் பகுதிக் கழிவைச் சுமக்கும் விருஷபாவதி ஆறு பைரமங்கலம் ஏரியைத் தாண்டி அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் விழுந்து, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை மலைபோல் பொங்கும் காட்சியை நம்மில் பலர் படத்தில் பார்த்திருக்கிறோம். நுரை காற்றில் கலைந்துவிடும். நீரோடு வரும் கன உலோகங்கள் அடிச் சேற்றில் தங்கிவிடும். கழிவுநீர் பாய்ந்த நிலத்தின் கீரைகளிலும் காய்களிலும் காரீயம் முதலியவற்றை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் இங்கே வீட்டு வாசலில் கொட்டுவது, நாம் விட்டு வந்த ஊரின் வாய்க்காலுக்கு ஒரு நாள் போய்ச் சேரக்கூடும். நாம் ஊருக்குப் போக மறந்தாலும் நம் கழிவு மறப்பதில்லை.

பெட்ரோல் குற்றவாளிக் கூண்டை விட்டு இறங்கிவிட்ட பிறகு, இன்று அங்கே நிற்பவை யாவை? முதலாவது, மின்கலம். கார், ஆட்டோ, வீட்டு இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மின்கலங்களில் பெரும்பாலும் காரீயத் தகடுகள் உள்ளன. பழைய மின்கலத்தை உரிய ஆலையில் உருக்கினால் காரீயம் மீண்டும் பயன்படும், அதில் தவறில்லை. புறநகர்ப் பட்டறைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கோடரியால் பிளந்து திறந்த அடுப்பில் உருக்குவதுதான் கொடுமை. அந்தப் புகையும் தூசியும் சுற்றுப்புறக் குழந்தைகளைத் தேடிப் போகின்றன. அங்கே கூலி வேலை செய்கிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூசியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாரி அணைக்கிறார்கள். அன்பின் வழியாகவும் நஞ்சு புகுகிறது.

இரண்டாவது, 2017-க்கு முன் அடித்த பெயிண்ட். புதிய விதி புதிய டப்பாவைத்தான் கட்டுப்படுத்தும். பழைய சுவரைக் கழுவிவிடாது. மூன்றாவது, சமையலறை. மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் ஏற்றக் காரீயக் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்க்கும் மோசடி உண்டு. வங்கதேசத்தில் 2019-ஆம் ஆண்டு சந்தை மஞ்சளில் ஏறக்குறைய பாதி இவ்வாறு கலப்படமாய் இருந்தது. அந்நாட்டு அரசு தண்டனையும் பிரசாரமும் சேர்த்து நடத்தவே, 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் அது காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் நடந்த காரியம் இது! செந்நிற ஈய ஆக்சைடு கலந்த சிந்தூரம், ஈயக் கல் அரைத்த சுர்மா, மட்டமான வண்ணம் பூசிய பொம்மைகள் ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

2020-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஒரு தொண்டு நிறுவனமும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். இத்தனை பேரும் ஆலையின் நிழலில் வாழ்கிறவர்கள் அல்லர். பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்றவர்களின் பிள்ளைகள்.

அப்படியானால் நாம் செய்யக் கூடியது என்ன? கைக்கு எட்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் அதைச் சோதித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் பாத்திரத்தின் விளிம்பை அழுத்திக் கோடு இழுத்தால் கருஞ்சாம்பல் நிறக் கோடு விழுமாயின் அது காரீயத்தின் அறிகுறி. கோடு விழாததனால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கலப்பு சிறிதாக இருந்தால் இச்சோதனை ஏமாற்றிவிடும். ஆய்வுக்கூடச் சோதனையே உறுதியானது. அதுவரையில் ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். பித்தளைக்கு ஈயம் பூசுகிறவரிடமும், 'வெள்ளீயந்தானா?' என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். நீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்க வையுங்கள். வீட்டைப் பெருக்குவதோடு நில்லாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பழைய மின்கலத்தைத் தெருவில் கூவி வருகிறவரிடம் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். திரும்பப் பெறுவதற்கு விதி இருக்கிறது. பட்டறை வேலை செய்கிறவர்கள் குளித்து உடை மாற்றிய பின்பே குழந்தையைத் தொடுங்கள். செருப்பை வாசலில் விடுவதும், கால் கழுவி உள்ளே வருவதும், உண்ணுமுன் கை கழுவுவதும் நம் முன்னோர் விட்டுச் சென்ற பழக்கங்கள். மாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம் என்பதற்காக அவற்றைக் கீழேயே விட்டுவிட வேண்டாம்.

இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுவார்கள். ஆகையால் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய உணவு கொடுங்கள். முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் நம் சமையலில் உண்டு. கன்னட நாட்டின் ராகி முத்தையில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கிறது. குடியேறிய மண்ணின் உணவையும் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்வோம். இவ்வுணவுகள் உள்ளே புகுந்த காரீயத்தை விரட்டிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். புதிதாகப் புகுவதைக் குறைக்க உதவும், அவ்வளவே. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் இரத்தச் சோதனை கேளுங்கள்.

இவற்றையெல்லாம் தனித்தனி வீடுகளாகச் செய்தால் மட்டும் போதாது. கடைக்காரர் விற்கும் சொம்பு எதனால் ஆனது என்று ஒரு ஏழைத் தாய் எப்படி அறிவாள்? பெட்ரோலிலிருந்து காரீயம் போனது, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதனால் அன்று. விதி வந்து ஊற்றை அடைத்ததனால். பாத்திரத்துக்கும் மஞ்சளுக்கும் பட்டறைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கண்டிப்பு வரும். நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அங்கே வரி செலுத்தும் குடிமக்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

என் மகள் இப்போது பள்ளியில் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். அந்தச் சில மாதங்கள் அவளிடமிருந்து எதையேனும் எடுத்துக்கொண்டனவா என்பதை எந்தச் சோதனையும் எனக்குச் சொல்லப் போவதில்லை. என் தாயார் வரும்போதெல்லாம் எவர்சில்வர்ப் பாத்திரத்தில்தான் ரசம் வைக்கிறார். சுவை சற்றுக் குறைவுதான் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டுப் பேத்தியின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்.

நேயர்களே, ஊரிலிருந்து நாம் கொண்டு வந்தவற்றில் போற்றிக் காக்க வேண்டியவை பல உண்டு. அவற்றை ஒரு முறை வெளிச்சத்தில் வைத்து, சரியான பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்போம். வெள்ளீயம் வீட்டில் இருக்கட்டும். காரீயம் வாசலோடு நிற்கட்டும்.